ஒரே வேப் எல்லோருக்கும் ஏன் ஒத்துவருவதில்லை?

சென்ற மாதம் எமது சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வேப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2025 ஜூன் 1ஆந் திகதி டிஸ்போசபிள் வேப் விற்பனை தடைசெய்யப்பட்டதிலிருந்து இங்கிலாந்தில் கடை வைத்திருக்கும் எம்மவர் எல்லோரிடமும் ஒரே முறைப்பாடுதான். "புதுச் சாமான் வாங்கினவன் ஒரு கிழமையிலை திருப்பிக் கொண்டுவாறான்" என்றார் ஒருவர். "எதைக் குடுத்தாலும் சரியில்லை எண்டுதான் சொல்லுறாங்கள். சனத்துக்கு நொட்டை சொல்லுறதே வேலையாப் போச்சு" என்றார் மற்றவர். வேறொருவர், பெட்டியில் எது மலிவோ அதை எடுத்து அடுக்கினால் போதும், எல்லாம் ஒரே ஆவிதானே என்றார்.

அங்கே நான் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாம் ஒரே ஆவி என்ற அந்தச் சொல் மனதில் கிடந்து உறுத்தியது. குறை சாமானிலும் இல்லை, சனத்திலும் இல்லை. வந்தவரைக் கேட்டு விற்கும் பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். இதை எழுத எனக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது. அந்தப் பிழையை நானே செய்தவன்.

எனது கடைக்குப் பத்து வருடத்துக்கு மேலாக வரும் ஒரு பஸ் சாரதி இருக்கிறார். ஐரிஷ்காரர், அறுபதை நெருங்கியவர். நாளுக்கு ஒரு பெட்டி, இருபது சிகரட். 2023இல் ஒருநாள் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்லி ஒரு டிஸ்போசபிள் வேப் வாங்கிப் போனார். பிறகு இரண்டு வருடம் அவர் சிகரட் வாங்கவேயில்லை. தடை வந்த கிழமை, இனி என்ன செய்வது என்று என்னிடம்தான் கேட்டார். மொத்தக் கடையில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று தள்ளிவிட்ட பெரிய கருவி ஒன்று என்னிடம் தேங்கிக் கிடந்தது. கைக்கு அடக்கமில்லாத பற்றரி, கண்ணாடித் தாங்கி, எழுத்துத் தெரியும் திரை எல்லாம் உண்டு. இலாபமும் அதில்தான் கூட. அதை எடுத்துக் கொடுத்து, கூடவே 3 மில்லிகிராம் நிக்கொட்டின் உள்ள திரவத்தையும் கொடுத்தேன். எண் குறைந்தது உடம்புக்கு நல்லது என்று ஆலோசனையும் சொன்னேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் வந்தார். இருமிக்கொண்டு வந்தார். "போஸ், கேத்தில் வாயிலை மூக்கை வைச்சு இழுக்கிறமாதிரி இருக்கு. இழுக்க இழுக்க ஒண்டும் காணுதில்லை" என்கிற கருத்தில் சொல்லிவிட்டு, இருபது சிகரட் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சட்டப்படி அதில் பிழை எதுவும் இல்லை.

அன்று இரவு கடையில் நிற்கும் தம்பியிடம் கேட்டேன். அவன் முன்பு வேப் மட்டுமே விற்கும் கடையொன்றில் வேலை செய்தவன். அவன் என்னிடம் திருப்பிக் கேட்ட முதற் கேள்வி, "அண்ணை, அவர் எப்பிடி இழுக்கிறவர் எண்டு பாத்தனீங்களே?" என்பது. பத்து வருடம் முகம் பார்த்த மனிதர் எப்படிப் புகைக்கிறார் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவன் சொன்னதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும் இவை. சிகரட் குடிப்பவர் புகையை முதலில் வாய்க்குள் இழுத்து, ஒரு கணம் வைத்து, பிறகே நெஞ்சுக்குள் எடுப்பார். சிறிய பொட் வகைக் கருவிகள் இதற்காகவே செய்யப்பட்டவை. காற்று வரும் துவாரம் சிறிது. இழுக்கும்போது சிகரட் போலவே சற்று இறுக்கமாக இருக்கும். உள்ளே இருக்கும் கொயிலின் தடை பெரும்பாலும் 0.8 ஓமுக்கு மேல், சக்தி பத்துப் பதினைந்து வாட் அளவில். பெரிய கருவிகள் வேறு சாதி. கொயிலின் தடை அரை ஓமுக்கும் கீழே, சக்தி நாற்பது வாட்டுக்கு மேலே எழுபது எண்பது வரை போகும். அதில் ஆவியை மூச்சு விடுவதுபோல நேரே நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும். இரண்டு வகைக்காரரும் ஒருவர் கருவியை மற்றவர் வாயில் வைத்தால் இருமுவார் அல்லது ஒன்றும் வரவில்லை என்பார். இரண்டும் நல்ல கருவிதான், ஆள்தான் மாறிவிட்டது.

இதை வாசிக்கும் மூத்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பெரியப்பா தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் அங்கே ஊருக்கு ஒரு சுருட்டுக்கடை வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். கடை வாசலில் ஆள் ஏறும்போதே பெரியப்பாவின் கை ஒரு கட்டுக்குப் போய்விடும். ஒருவருக்குக் கோடா நன்றாக ஊறின காரச் சுருட்டு, ஒருவருக்கு மெல்லியது, ஒருவருக்கு வெற்றிலையோடு போடப் புகையிலைத் துண்டு. மாற்றிக் கொடுத்தால் மறுநாள் அந்த ஆள் எதிர்க் கடைக்குப் போவார். 1983 ஆடியோடு அந்தக் கடை போயிற்று. பெரியப்பாவின் கைப்பழக்கம் எங்களோடு கப்பலேறவில்லை போலிருக்கிறது.

சுருட்டைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுருட்டுப் புகையை யாரும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. அந்தப் புகை காரத்தன்மை உடையது, தொண்டையை எரிக்கும். வாயில் வைத்திருந்தாலே நிக்கொட்டின் சேர்ந்துவிடும். சிகரட் புகை அப்படியல்ல. அது சற்று அமிலத்தன்மை கொண்டது, தொண்டைக்கு மெதுவானது. அதனால்தான் நெஞ்சுவரை இழுக்க முடிகிறது, சில விநாடிகளில் மூளைக்குப் போய்ச் சேருகிறது. வேப் திரவத்திலும் இதே இரு வகை இருக்கிறது. பழைய வகைத் திரவத்தில் நிக்கொட்டின் தனித்து நிற்கும். அதன் அளவு கூடினால் தொண்டையில் பிடிக்கும். மற்றது பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்று சேர்த்து உப்பு வடிவில் வருவது. போத்தலில் 'சோல்ட்' என்று எழுதியிருப்பார்கள். நாம் சமையலுக்குப் போடும் உப்போடு இதற்குச் சம்பந்தமில்லை. 20 மில்லிகிராம் இருந்தாலும் இது தொண்டையை எரிக்காது. அமெரிக்காவில் 2015இல் ஜூல் என்ற சிறு கருவி இந்த வகையோடுதான் வந்தது. அங்கே அதன் காரம் மில்லிலீற்றருக்கு 59 மில்லிகிராம் வரை இருந்தது. 2018இல் அது இங்கே வந்தபோது 20க்கு மேல் போக முடியவில்லை. 2016ஆம் ஆண்டின் விதிகள் இங்கே நிக்கொட்டினை 20 மில்லிகிராமுக்கும், தாங்கியை 2 மில்லிலீற்றருக்கும், திரவப் போத்தலை 10 மில்லிலீற்றருக்கும் மட்டுப்படுத்தியிருந்தன.

இப்போது டிஸ்போசபிள் ஏன் அத்தனை பேருக்கும் பிடித்தது என்பதைப் பாருங்கள். இறுக்கமான இழுவை, உப்பு வகை, பெரும்பாலும் 20 மில்லிகிராம், 2 மில்லிலீற்றர். சிகரட்டை விட்டு வருபவருக்கு வேண்டியது அத்தனையும் ஒரு குழாய்க்குள் இருந்தது. பழத்தின் பெயர் மட்டும் மாறியது. சிவப்பா, நீலமா என்று கேட்பதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது. அதனால் நாங்கள் எல்லோரும் வேப் விற்கத் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

பஸ் சாரதிக்கு நான் கொடுத்த 3 மில்லிகிராம் சிலருக்கு நிறையப் போதும். பெரிய கருவி ஒவ்வொரு இழுவைக்கும் பல மடங்கு திரவத்தை ஆவியாக்கும். அதை நெஞ்சு நிறைய எடுப்பவருக்கு, எண் சிறிதானாலும் உடம்பில் சேர்வது சிறிதல்ல. எதிர்த் தெருவில் கார் திருத்தும் பொடியன் நாளுக்குப் பத்து மில்லிலீற்றர் ஊதுகிறான். அவனுக்கு அந்த முகிலும் வேண்டும், கொயிலைக் கழற்றிப் பூட்டுவதும் பொழுதுபோக்கு. அவனிடம் சிறிய பொட் ஒன்றைக் கொடுத்தேன், ஸ்ட்ரோவால் கோப்பி குடிப்பதுபோல இருக்கிறதென்று சிரித்தான். சாரதியோ இரு ஓட்டத்துக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் சிறிய இழுவை நாலைந்து இழுப்பவர். அந்த இழுவையில் 3 மில்லிகிராம் என்பது வெறும் இனிப்பு ஆவி.

"எண் குறைந்தது நல்லது" என்ற எனது ஆலோசனையையும் சொல்ல வேண்டும். 2018இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. பழக்கப்பட்ட வேப்காரர் 20 பேரை நாலு கிழமை அவதானித்தார்கள். 18 மில்லிகிராமிலிருந்து 6க்கு இறக்கியபோது அவர்கள் கூட இழுத்தார்கள், கூடத் திரவம் முடித்தார்கள், சூடான ஆவியில் உண்டாகும் ஃபோமல்டிஹைட் உடம்பில் சேர்வதும் கூடியிருந்தது. ஆள் தனக்கு வேண்டிய அளவைத் தேடித்தான் இழுக்கிறார். அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஈரலில் உள்ள ஒரு நொதியம் நிக்கொட்டினை உடைக்கிறது. பிறப்பிலேயே சிலருக்கு அது வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. வேகமாக உடைப்பவருக்கு அடுத்தது சீக்கிரம் தேவைப்படும். இருபது சிகரட்காரர் இருவர் அருகருகே நின்றாலும் ஒருவருக்குக் காணும் பொருள் மற்றவருக்குக் காணாமல் போவது இதனால்தான். நொட்டை சொல்லுகிறார் என்று நாங்கள் முகத்தைச் சுழிக்கிறோம்.

மற்றவை சிறிய விஷயங்கள் போலத் தோன்றும். மூட்டுவாதம் உள்ள ஒரு முதிய அம்மாவுக்கு 10 மில்லிலீற்றர் போத்தலின் குழந்தைப் பாதுகாப்பு மூடியைத் திறக்கவே முடியாது; அவருக்கு நிரப்பி அடைத்த பொட் விற்பதுதான் முறை. இரவு வேலைக்குப் போகும் தாதிக்கு மணமில்லாமல், சட்டைப்பையில் ஒழுகாமல் இருக்க வேண்டும். 2020 மே மாதம் மெந்தோல் சிகரட் தடைசெய்யப்பட்டபோது அதைக் குடித்தவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. அவர்களுக்கு ஸ்ட்ரோபெரி வாசனையைக் காட்டி என்ன பயன்? புகையிலைச் சுவையே வேண்டும் என்பவர் உண்டு, அதன் நினைவே வரக்கூடாது என்பவரும் உண்டு.

திரும்பி வரும் சாமானில் பெரும்பங்கு கருவியின் பழுதல்ல என்பதையும் என் கடையில் எண்ணிப் பார்த்துக் கண்டேன். திரவத்தில் இரண்டு கலவை இருக்கிறது: ஒன்று தண்ணிப் பதம், மற்றது பாணிப் பதம். பாணிப் பதம் கூடியது, அதாவது போத்தலில் 70 வி.ஜி. என்று இருப்பது, பெரிய கருவிக்கு உரியது. அதைச் சிறிய பொட்டில் விட்டால் பஞ்சு ஊறாது, கொயில் கருகும், வாயெல்லாம் எரிந்த சீலை நாற்றம். பாதிக்குப் பாதி உள்ளதைத்தான் பொட்டுக்குக் கொடுக்க வேண்டும். புதுப் பொட்டில் திரவம் விட்டதும் ஐந்து பத்து நிமிடம் வைக்கச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வசனத்தைச் சொல்லத் தொடங்கிய பின் திருப்பிக் கொண்டுவருபவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது ஒரு நண்பர் கேட்டார்: "நாங்கள் என்ன டொக்டரே? பாணும் பாலும் விக்கிறவன் இதெல்லாம் படிக்கோணுமே?" நியாயமான கேள்விதான். நாளுக்குப் பதினாறு மணித்தியாலம் நிற்கிற மனிதர் அவர். ஆனால் அவரே கறித்தூள் வாங்க வருபவரிடம் மீன் குழம்புக்கோ இறைச்சிக்கோ என்று கேட்காமல் கொடுக்கமாட்டார். இதற்கும் நாலு கேள்வி போதும். நீங்கள் சிகரட் குடிக்கிறவரா, நாளுக்கு எத்தனை? எழும்பி எவ்வளவு நேரத்தில் முதல் சிகரட்? முன்பு எந்த வேப் பாவித்தீர்கள், அதில் எது பிடிக்கவில்லை? திரவம் நிரப்பிக்கொண்டிருக்கப் பொறுமை உண்டா? எழும்பி ஐந்து நிமிடத்தில் பற்றவைப்பவருக்கு 3 மில்லிகிராமைக் காட்டுவது வீண் வேலை.

முதற் கேள்விக்கு "இல்லை, நான் சிகரட் குடிப்பதில்லை" என்று பதில் வந்தால்? வயது பதினெட்டு தாண்டியவராக இருந்தாலும் வேண்டாம் என்று நான் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். இதைக் கூட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். சொல்லிப் பார்த்தவரையில் பாதிப் பேர் அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பது 2015 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். அதைப் பற்றிப் பேச்சே இல்லை. டிஸ்போசபிள் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கையில் அது எப்படிப் போனது என்று எமக்குத் தெரியாதா? எல்லாக் கடையும் விற்கவில்லை, ஆனால் சில கடைகள் விற்றன. என் மகளின் பள்ளிக்கூடத்துக் கழிவறைகளில் புகை அறியும் கருவி பூட்டினார்கள். "அப்பா, உங்கட கடையிலையும் இது இருக்குத்தானே" என்று அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இருக்கவில்லை.

அப்படியானால் விற்பதையே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிகரட்காரரைக் கொல்வது முக்கியமாக எரியும் புகையிலையின் தாரும் காபனோரொட்சைட்டும். வேப் தீங்கற்றதல்ல, ஆனால் சிகரட்டைவிடத் தீங்கு மிகக் குறைவு என்பதே இங்கத்தைய சுகாதார சேவையின் நிலைப்பாடு. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சிகரட்டை விட விரும்பிய 886 பேரில் வேப் பெற்றவர்களில் 18 வீதத்தினர் ஒரு வருடம் கழித்தும் சிகரட் இல்லாமல் இருந்தார்கள்; நிக்கொட்டின் ஒட்டு, சூயிங்கம் முதலியவை பெற்றவர்களில் 9.9 வீதத்தினர். அந்த ஆய்வில் முதற் போத்தலை மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு உங்களுக்குப் பிடித்த சுவையும் காரமும் நீங்களே தேடி வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படித் தேடிப் போனவர்கள் வந்து நிற்பது எங்கள் கவுண்டரில்தான். மற்றப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது: அப்படி வேப்பால் விட்டவர்களில் 80 வீதத்தினர் வருட முடிவிலும் வேப்பை விடவில்லை. வேப்பையும் விட விரும்புகிறவருக்குக் கவுன்சிலின் புகைத்தல் நிறுத்தும் சேவை இருக்கிறது. அதன் விபரத்தை ரில்லுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. புதிய சட்டப்படி கருவி சார்ஜ் செய்யக்கூடியதாகவும், மீண்டும் நிரப்பக்கூடியதாகவும், கொயிலோ பொட்டோ தனியாக வாங்கி மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நீங்கள் கருவியைப் பெட்டி பெட்டியாக இறக்குகிறீர்கள். அதற்குரிய பொட் மூன்றாம் மாதம் கேட்டால் "அந்த மொடல் நிண்டுபோச்சு" என்கிறீர்கள். பொட் இல்லாத கருவியை வாடிக்கையாளர் குப்பையில்தானே போடுவார்? அதையும் பழைய வேப்களையும் திருப்பி ஏற்க வேண்டிய கடமை சில்லறைக் கடைக்காரராகிய எம்மீது இருக்கிறது. இருபது மொடல் வேண்டாம். என் அலுமாரியில் இப்போது நாலே கருவிகள். நாலுக்கும் உதிரிப் பொட், கொயில் எப்போதும் உண்டு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வருவதை நான் எடுப்பதில்லை. அது ஏன் இலவசம் என்பது எட்டு நாளில் எனக்குத் தெரியவந்தது.

வரியையும் மறக்க வேண்டாம். 2026 அக்டோபர் 1 முதல் வேப் திரவத்துக்கு 10 மில்லிலீற்றருக்கு 2 பவுண் 20 பென்ஸ் என்று 2024 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நிக்கொட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வரிதான். பொட்காரர் நாளுக்கு 2 மில்லிலீற்றர் பாவித்தால் ஐந்து நாளுக்கு ஒருமுறை இந்தத் தொகை. பெரிய கருவிக்காரர் வாங்கும் 50 மில்லிலீற்றர் போத்தலும் அதற்குள் ஊற்றும் 10 மில்லிலீற்றர் நிக்கொட்டினும் சேர்ந்தால் 13 பவுண் 20, அதன்மேல் வற் வரி. எங்கள் கார் திருத்தும் பொடியன் ஆறு நாளில் முடிப்பது அது. அவனைப் போன்றவர்கள் கருவியை மாற்ற வேண்டியிருக்கும். எதற்கு மாறலாம் என்று எங்களைத்தான் கேட்பார்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் கேட்டால் இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள். இந்தியாவில் 2019இலிருந்து மின்சிகரட்டை இறக்குவது, விற்பது, சேமித்து வைப்பது எல்லாம் சட்டப்படி தடை. சென்னைக் கலியாணத்துக்கு நாலைந்தை அன்பளிப்பாகக் கொண்டுபோக ஒருவர் என்னிடம் வந்தார்.

பஸ் சாரதியின் கதை முடியவில்லை. அடுத்த கிழமை அவர் சிகரட் வாங்க வந்தபோது பெரிய கருவியின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சிறிய பொட் ஒன்றை, இறுக்கமான இழுவை, 20 மில்லிகிராம் உப்பு வகை, புதினாச் சுவை, கடை வாசலிலேயே நிரப்பி, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கையில் கொடுத்தேன். இரண்டு இழுவை இழுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். இப்போது கிழமைக்கு ஒரு போத்தல் திரவம் வாங்குகிறார். சனிக்கிழமைகளில் மட்டும் இருபது சிகரட்டும் வாங்குகிறார். அந்தச் சனிக்கிழமைப் பெட்டி 2025 ஜூனுக்கு முன் இருக்கவில்லை.